தண்டராம்பட்டுக்காரன் வீட்டு இரட்டைக்குழல்

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "சார், ஹாஸ்டல் சாம்பார், கூட்டமில்லாத அந்தக் காலத்து கிரிவலம், இதையெல்லாம் எல்லாரும் எழுதிட்டாங்க. நீங்க வரலாறு படிச்சவர், வேற ஏதாவது குடுங்க" என்றார்கள். வேறு ஏதாவது என்றால் என்னிடம் இருப்பது ஒரு துப்பாக்கிக் கதைதான். துப்பாக்கி என்னுடையது அல்ல. எங்கள் செட்டில் பி.ஏ. வரலாறு படித்தவர்களுக்கு ஆளைச் சொன்னாலே தெரியும். பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிட்டதில்லை. ஊர் தண்டராம்பட்டுப் பக்கம் என்பதால் மூன்று வருஷமும் அவன் 'தண்டராம்பட்டு'தான். அவன் அனுமதி கொடுத்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஹாஸ்டலில் இரவு பதினொரு மணிக்கு மேல் அவன் கதை ஆரம்பிப்பான். "எங்க வீட்டுல ஒரு ரெட்டைக்குழல் இருக்குடா. ஹைதர் அலி காலத்துது." கேட்கிற ஆளைப் பொறுத்துக் காலம் மாறும். சில நாள் ஹைதர் அலி, சில நாள் தாது வருஷப் பஞ்சம். பஞ்சத்தில் தானியக் கிடங்கைக் கொள்ளைக்காரர்களிடமிருந்து காப்பாற்றியதற்காக வேலூர்க் கலெக்டர் துரை அவனுடைய தாத்தாவின் அப்பாவுக்குக் கையில் எடுத்துக் கொடுத்த துப்பாக்கி என்பான். நாங்கள் சிரிப்போம். அவன் சிரிக்க மாட்டான்.

அந்தத் துப்பாக்கி 2019-ல் எங்களைத் தேடி வந்தது. தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும் என்பது கிராமத்துத் துப்பாக்கிக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அவனும் ஒப்படைத்தான். தேர்தல் முடிந்து வாங்கப் போனால் சிக்கல். ரசீதில் எழுதியிருந்த எண் வேறு, லைசென்ஸ் புத்தகத்தில் இருந்த எண் வேறு. ரசீது எழுதியவர் துப்பாக்கியின் உடலில் இருந்த நான்கு இலக்க எண்ணை எழுதிவிட்டார். லைசென்ஸில் இருப்பது ஐந்து இலக்கம். "இது உங்க துப்பாக்கிதானா பெரியவரே?" என்று ஒரு சின்னப் பையன் போலீஸ்காரர் கேட்டுவிட்டாராம். எழுபதை நெருங்குகிற மனுஷன் அன்றிரவு எனக்குப் போன் செய்து அழாத குறையாகப் பேசினான். நான்கு தலைமுறை வீட்டில் இருந்த பொருளைத் திருட்டுப் பொருள் மாதிரிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அலைந்து திரிந்து, குழலின் அடியில் லைசென்ஸ் எண் இருப்பதைக் காட்டி, துப்பாக்கி வீடு வந்து சேர்ந்தது. ஆனால் கேள்வி நின்றுவிட்டது. ஒரே துப்பாக்கியில் ஏன் இரண்டு எண்? "நீதான் ஹிஸ்டரி ஆளாச்சே, பார்த்துச் சொல்லு" என்றான். ஹிஸ்டரி ஆளுக்குப் பானிப்பட்டுப் போர் தெரியும், பர்மிங்ஹாம் முத்திரை தெரியுமா? கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

முதலில் ஹைதர் அலியை ஒதுக்கினேன். 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும் பிறகு நம் திருவண்ணாமலையிலும் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மறுபக்கம் என்று மோதியது உண்மை. ஆனால் அன்று இருந்தவை திரியைப் பற்றவைத்துச் சுடுகிற திரித்துப்பாக்கியும், சக்கிமுக்கிக் கல் உரசிப் பொறி பறக்கிற கல்துப்பாக்கியும்தான். இரண்டுமே வாய்வழியாக மருந்து போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற வகை. இரட்டைக்குழல் என்பதே அப்போது இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறைகளில் கல்துப்பாக்கியாகவே இரட்டைக்குழல் செய்திருக்கிறார்கள். நம் நண்பன் வீட்டுத் துப்பாக்கியோ நடுவில் மடித்துப் பின்பக்கம் தோட்டா போடுகிற வகை. லைசென்ஸ் பாஷையில் டி.பி.பி.எல்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். நம் நாட்டுப் பழைய ஆயுதங்கள் ஏன் வீடுகளில் இல்லை என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. மருது சகோதரர்களை அடக்கிய கையோடு, 1801 டிசம்பர் 1-ஆம் தேதி எட்வர்டு கிளைவ் போட்ட அறிக்கை பாளையப்பட்டு நாட்டில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையின் கதை இன்னும் பரிதாபம். 1855-ல் கடைசி மராட்டிய மன்னர் வாரிசின்றி இறந்தபின் அங்கிருந்த ஆயுதங்களில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள். தப்பியவற்றில் ஒரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பிறகு 1878-ஆம் வருஷ ஆயுதச் சட்டம்: வெள்ளைக்காரருக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு வேண்டும். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துப்பாக்கி ஒன்று ஒரு தமிழ் விவசாயி வீட்டுப் பரணில் இருக்கிறது என்றாலே அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காகிதம் இருந்தாக வேண்டும்.

காகிதம் இருந்தது. தகரப் பெட்டியில், நிலப் பத்திரங்களோடு, துணியில் சுற்றி. அதில் பழையது 1930-களில் ஆங்கிலத்தில் எழுதிய லைசென்ஸ். குழலின் ஐந்து இலக்க எண்தான் அதிலும். அதற்கு முந்தையது ஒன்றும் இல்லை. ஆவணம் சொல்வது அவ்வளவுதான் என்றால், மிச்சத்தைத் துப்பாக்கியே சொல்ல வேண்டும்.

சென்னையில் ஒரு பெரியவர் இருக்கிறார். பரம்பரைத் துப்பாக்கி மெக்கானிக். அவருடைய அப்பா மவுண்ட் ரோடு கடையில் வேலை பார்த்தவர். லைசென்ஸோடு நண்பனும், துணைக்கு நானும் காரில் எடுத்துக்கொண்டு போனோம். அவர் துப்பாக்கியைக் கையில் வாங்கி, முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தார். பிறகு முன்கட்டையைக் கழற்றினார், குழல்களைத் தனியாக எடுத்தார், ஒரு விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். மணி மாதிரி நாதம் வரவில்லை, 'டொக்' என்றது. "ரெண்டு குழலையும் சேர்க்குற பட்டை எங்கேயோ விட்டிருக்கு தம்பி. ஈயப் பத்துத் தளர்ந்துடுச்சு" என்றார். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். "படிச்சவர்தானே, படிங்க."

குழலின் அடிப்பாகத்தில், மூடியிருக்கும்போது வெளியே தெரியாத இடத்தில், எறும்பு அளவில் முத்திரைகள். ஒரு கிரீடம், குறுக்காக இரண்டு செங்கோல், இடுக்குகளில் பி, பி, சி என்ற ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் அதே செங்கோலோடு வி. இது பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை. 1813-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் போட்ட சட்டப்படி ஏற்பட்டது அந்தச் சாலை. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காமல் வீங்காமல் நின்றால் முத்திரை. நம் ஊரில் ஆசாரி நகைக்கு உரைகல் வைத்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், உரைகல்தான் கொஞ்சம் சத்தமாக இருக்கும். இந்த வடிவ முத்திரை 1813 முதல் 1904 வரை இருந்தது. தொண்ணூறு வருஷ இடைவெளி. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆனால் அடுத்த முத்திரை நெருக்கிக் காட்டியது. சாய்சதுரக் கட்டத்துக்குள் 12, அதன் கீழே சி. தோட்டா உட்காரும் அறை பன்னிரண்டு போர் என்பதற்கான அடையாளம் அது. (ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு என்னவோ அதுதான் பன்னிரண்டு போர், சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும் என்ற குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது.) இந்தச் சாய்சதுரம் 1887-க்குப் பிறகுதான் அடிக்கப்பட்டது. ஆகவே குழல்கள் 1887-க்கும் 1904-க்கும் இடையில் சோதனைச் சாலையிலிருந்து வெளிவந்தவை.

தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. பஞ்சம் முடிந்து குறைந்தது ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த குழலைத் துரை எப்படிப் பஞ்சத்தில் கொடுத்திருப்பார்?

நண்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பெரியவர் டீ சொல்லி அனுப்பினார். "அப்ப எங்க தாத்தா பொய்யா சொன்னாரு?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டான், அவரைப் பார்த்து இல்லை. நான் பதில் சொல்லாமல் பூதக்கண்ணாடியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இந்த வயதில் ஒருவனுடைய தாத்தாவைப் பொய்யராக்குவது எனக்கு உவப்பான வேலை இல்லை.

இரண்டு எண்ணின் மர்மம் அடுத்த பத்து நிமிஷத்தில் விடுபட்டது. குழலில் ஐந்து இலக்கம். முன்கட்டையின் இரும்பிலும் அதே ஐந்து இலக்கம். உடலில் மட்டும் நான்கு இலக்கம். ஒரு பட்டறையில் ஒன்றாகப் பிறந்த துப்பாக்கிக்கு மூன்று இடத்திலும் ஒரே எண்தான் இருக்கும். பெரியவர் குழலை உடலில் பொருத்தி, இடுக்கை விளக்கில் காட்டினார். கொக்கி உட்காரும் இடத்தில் அரத்தால் ராவிய தடம். "பழைய உடலுக்குப் புதுக் குழல் போட்டிருக்காங்க. நல்ல கை வேலை. சீமையிலயே செஞ்சதா இருக்கலாம்."

உடலின் வகையும் பழசுதான். விசைக்கு முன்னால், காப்பு வளையத்தை ஒட்டி அடியில் ஒரு நெம்புகோல். அதைப் பக்கவாட்டில் தள்ளினால் குழல் திறக்கும். பர்மிங்ஹாம்காரர் ஹென்றி ஜோன்ஸ் 1859-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. அதற்குச் சில காலம் முன்னால்தான் பின்பக்கம் தோட்டா போடுகிற யோசனையே இங்கிலாந்துக்கு வந்தது. பிரான்சின் லெஃபோஷோ செய்த துப்பாக்கியை 1851 லண்டன் கண்காட்சியில் பார்த்த பிறகுதான் ஆங்கிலேயர்கள் விழித்தார்கள். 1861-ல் ஜார்ஜ் டா நடுவில் கேப் வைத்த தோட்டாவைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் நாம் பார்க்கிற தோட்டா அந்த வம்சம்தான். அதற்கும் முன்னால் போனால் 1807-ல் காப்புரிமை பெற்ற ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார்; அடித்தால் வெடிக்கிற ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர். ஜவ்வாது மலைப் பக்கம் பழைய ஆட்கள் சொல்கிற 'கேப்புத் துப்பாக்கி' அவர் கொடுத்த வரம்.

குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் கடைப் பெயர் பொறித்திருந்தது. கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்து, கடைசியில் 'க்ஸ் அண்ட் கோ, மெட்ராஸ்' என்பது மட்டும் மிச்சம். மவுண்ட் ரோட்டில் ஓக்ஸ் அண்ட் கோ என்று ஒரு பெரிய கம்பெனி இருந்தது. அவர்கள் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகள் இன்றும் ஏலங்களில் வருகின்றன. கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ்கூடத் துப்பாக்கி விற்றதுதான். இந்தக் கடைகள் துப்பாக்கி செய்யவில்லை. பர்மிங்ஹாமில் செய்து வந்ததில் தங்கள் பெயரை வெட்டிக்கொண்டார்கள்.

இனி நம் ஊர்க் கைகள் செய்த மாற்றங்களுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

குழலின் நீளம் 25½ அங்குலம். அடியில் 'சோக்' என்று பொறித்திருக்கிறது. அதாவது ரவை சிதறாமல் போக வாய்ப்பகுதியைச் சற்றே குறுக்கியிருக்க வேண்டும். பெரியவர் அளவுகோலை விட்டுப் பார்த்தார், குறுக்கலே இல்லை. வாயில் இரண்டு குழலும் ஒட்டாமல் நடுவே இடைவெளி. அதில் ஈயம் ஊற்றி அடைத்திருந்தது. இரட்டைக்குழல்கள் வாய்ப்பக்கம் நெருங்கிக்கொண்டே போய்ச் சேரும்படிதான் செய்வார்கள். சேரவில்லை என்றால் சேரும் இடத்தை வெட்டி எறிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான்கைந்து அங்குலம் போயிருக்கும்.

ஏன் வெட்டினார்கள்? இதற்குப் பதில் முத்திரையில் இல்லை, நண்பனுடைய அத்தையிடம் இருந்தது. தொண்ணூறு தாண்டியவர், கேள்வி கேட்டால் நேராகப் பதில் சொல்ல மாட்டார். "சாத்தனூர் அணை கட்டுறதுக்கு முன்னாடிடா அது. எங்கப்பா பன்னிக்குக் காவல் போனாரு. வரப்புல வழுக்கி விழுந்தாரு. குழாய் வாயில சேறு. பார்க்காம சுட்டுட்டாரு. வாய் பூவாட்டம் விரிஞ்சு போச்சு. நல்ல வேளை, முகத்துல படலை. கொல்லர் வந்து ரம்பத்தால அறுத்தாரு. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்." அணை வேலை 1958-ல் முடிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, குழலை வெட்டிக் குறைக்கவே தனி லைசென்ஸ் வேண்டும் என்கிறது. கொல்லரின் ரம்பம் அதற்கு முந்தியது. வெட்டிய பிறகும் 20 அங்குலத்துக்கு மேல் இருந்ததால் பிற்காலத்து லைசென்ஸுக்கும் இடைஞ்சல் வரவில்லை. அந்தக் கொல்லருக்குச் சட்டம் தெரிந்திருக்க நியாயமில்லை. கை அளந்து வெட்டியிருக்கிறார்.

கட்டை சீமை வாதுமை இல்லை; ஈட்டி மரம். ஊர் ஆசாரி செதுக்கியது. கை வழுக்காமல் இருக்க வெள்ளைக்காரன் குறுக்குக் கோடு கீறுவான். நம் ஆசாரி அங்கே சிக்குக் கோலம் போட்டிருக்கிறார், புள்ளிகளோடு! கட்டையின் கழுத்தில் விரிசல், அதைச் சுற்றிப் பித்தளைத் தகடு. வலது குதிரையில் இலைக்கொடி வேலைப்பாடு; இடது குதிரை வெறும் இரும்பு, எங்கோ உடைந்ததற்குப் பதிலாக ராவிச் செய்தது. உலகச் சந்தையில் இவையெல்லாம் விலையைக் குறைக்கும் குறைகள் என்பார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கோலம் போட்ட கட்டைக்காகவே இதை ஒரு மியூசியத்தில் வைக்கலாம்.

கடைசியாகக் கறுப்புப் பெயிண்ட். யாரோ குழல் முழுக்க எனாமல் அடித்துவிட்டார்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான். பெரியவர் அடியில் ஒரு விரல் அகலம் சுரண்டித் துடைத்துக் காட்டினார். உள்ளே ஏரித் தண்ணீரில் காற்று அடித்த மாதிரி அலை அலையாக ரேகை. டமாஸ்கஸ் குழல். இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கி, உருளைமேல் சுற்றி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கிச் செய்வது. அழகு என்றால் அவ்வளவு அழகு. ஆனால் பெரியவர் முகம் மாறிவிட்டது. "இதுல இப்பத்திய தோட்டா சுடுறீங்களா?"

நண்பன் விழித்தான். விஷயம் இதுதான். அவன் பையன் ஓசூரில் வேலையில் இருக்கிறான். அப்பாவின் எழுபதாவது கல்யாணத்தன்று இரண்டு வேட்டுப் போட வேண்டும் என்று கடையில் தோட்டா விசாரித்து வைத்திருந்தான். இந்தக் குழல்கள் கரும்புகை மருந்துக்குச் சோதனை செய்தவை. புகையில்லா மருந்துக்கான நைட்ரோ முத்திரை இதில் இல்லவே இல்லை. அறையின் நீளமும் பழைய இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர், அதாவது இரண்டே முக்கால். தோட்டா உள்ளே போய்விடும். ஆனால் வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடம் இருக்காது, அழுத்தம் ஏறும். நூறு வருஷத் துரு தின்ற முறுக்குக் குழல், விட்டுப்போன ஈயப் பத்து. "இடது கை முன்கட்டையில இருக்கும் தம்பி. போனா அந்தக் கைதான் முதல்ல போகும்" என்றார் பெரியவர். துப்பாக்கியின் வயதைக் கண்டுபிடிக்கப் போன எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இந்த ஒரு வாக்கியம். வேட்டு யோசனை அந்த நிமிஷமே கைவிடப்பட்டது.

திரும்பும் வழியில், திண்டிவனம் தாண்டும்வரை நண்பன் பேசவில்லை. பிறகு, "உடம்பு பழசுன்னியே. அது மட்டுமாவது துரை குடுத்ததா இருக்கலாமில்ல?" என்றான்.

நியாயமான கேள்வி. ஜோன்ஸ் அமைப்பு 1859 முதல் இருக்கிறது. உடல் 1870-களில் செய்ததாக இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அதே அமைப்பை விலை குறைந்த துப்பாக்கிகளில் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் போட்டிருக்கிறார்கள். இன்னொரு இடறல், கதையில் வரும் வேலூர்க் கலெக்டர். பஞ்ச காலத்தில் திருவண்ணாமலை தாலுக்கா தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. கலெக்டர் இருந்தது கடலூர்ப் பக்கம். 1906-ல் வெளிவந்த பிரான்சிஸின் தென்னார்க்காடு கெசட்டியரிலும் நம் தாலுக்கா இருக்கிறது. வட ஆர்க்காட்டுக்கு அது மாறியது பிறகுதான்; தனி மாவட்டமானது 1989-ல். கதை சொன்ன தாத்தாவின் காலத்தில் கலெக்டர் என்றால் வேலூர், அதனால் பழைய துரையையும் வேலூருக்கு மாற்றிவிட்டார் என்று சமாதானம் சொல்லலாம். வாய்வழிக் கதைகளில் இது சகஜம்.

என் ஊகம் இது. சீமைக்குத் திரும்பிய ஏதோ ஒரு வெள்ளைக்காரரின் பழைய துப்பாக்கி, ஏற்கெனவே ஒரு தடவை குழல் மாறியது, இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ காசு கொடுத்து வாங்கியது. இதை அவனிடம் மறைக்காமல் சொன்னேன். "வாங்கினதுன்னா எவ்வளவு குடுத்திருப்பாங்க?" என்று கேட்டான். அந்தக் காலத்தில் ஒரு ஜோடி காளை விற்றாவது வாங்கியிருப்பார்கள் என்றேன். "எங்காளுங்க மாட்ட விக்க மாட்டாங்கடா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே சிரித்துவிட்டான்.

பையனுக்கு லைசென்ஸ் எடுக்கிற எண்ணம் இல்லை. ஓசூர் அபார்ட்மெண்டில் துப்பாக்கியை எங்கே வைப்பது? பழம்பொருள் என்று விலக்கு வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்குத்தான் 1959 சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் குழலில் துளை போட வேண்டும், அறையை வெல்டிங் வைத்து அடைக்க வேண்டும். முத்திரைகள் இருப்பது சரியாக அந்த இடத்தில்தான். நண்பன் இன்னும் முடிவு செய்யவில்லை. லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறான். தோட்டா ஒன்றுகூட வீட்டில் இல்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மறுபடி ஒப்படைக்கப் போனபோது இந்த முறை அவன் கையோடு ஒரு தாள் கொண்டுபோனான். நான் எழுதிக் கொடுத்தது. குழல் எண் இது, முன்கட்டை எண் அதே, உடல் எண் வேறு, நீளம் 25½ அங்குலம், வாய் வெட்டப்பட்டது, இடது குதிரை மாற்றப்பட்டது, கட்டை ஈட்டி மரம், கோலம் செதுக்கியது. பணியில் இருந்த பெண் காவலர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்து ரசீதில் ஏற்றிக்கொண்டாராம். 'கோலம்' என்ற சொல்லைப் படித்ததும் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்து, "சார், இது ஏழு புள்ளியா ஒம்பது புள்ளியா?" என்று கேட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது. ரசீதில் அதுவும் இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் எனக்கும் அனுப்பியிருக்கிறான்.